ஒரே எக்ஸ்ரே, இரண்டு அளவு: எதை நம்புவது?

வணக்கம். நாங்கள் வியாசர்பாடி. கால்பந்து ஆடும் என் மகளுக்கு முழங்கால் சில்லு இரண்டு முறை விலகிவிட்டது. பக்கவாட்டு எக்ஸ்ரேயைப் பார்த்த ஒரு டாக்டர், சில்லின் உயரத்தை அளக்கும் இன்சால்-சால்வாட்டி முறையில் 1.3, சில்லு மேலே ஏறியிருக்கிறது என்றார். அதே படத்தை கேட்டன்-டெஷாம் முறையில் அளந்த இன்னொருவர், 1.1, நார்மல் என்கிறார். இரண்டிலும் 1.2-ஐத் தாண்டினால்தான் உயரமாம்.

முதல் முறையில், சில்லைக் கீழே காலெலும்போடு இணைக்கும் தசைநாணின் நீளத்தைச் சில்லின் நீளத்தால் வகுக்கிறார்கள். ஆனால் நாண் கீழே எலும்பில் ஒட்டும் இடம் எக்ஸ்ரேயில் மங்கலாகத்தானே தெரிகிறது? ஆளுக்கொரு இடத்தில் புள்ளி வைத்தால் கணக்கு மாறாதா? (லேத்தில் வெர்னியர் பிடித்த கை, சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.) இரண்டாவதில் மூட்டுப் பரப்பின் விளிம்பை வைத்து அளக்கிறார்கள், அதுதான் தெளிவு என்று எனக்குப் படுகிறது.

ஆபரேஷன் பேச்சு வந்துவிட்டது. பிசியோ, ரேடியாலஜி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: எம்ஆர்ஐ எடுத்துவிட்டு முடிவெடுக்கலாமா? ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எலும்பு ஓ.பி. எந்தக் கிழமை என்று தெரிந்தாலும் உதவி.