மறு: கடலடித் தடைப் பட்டியல், சோனார் வாடகைப் பங்கு

சித்தப்பாவுக்கும் மற்ற எல்லாருக்கும் வணக்கம்.

கடலடியில் வலை சிக்கும் இடங்களையும் மூழ்கிய கப்பல்களையும் நம் ஆட்கள் சொன்னபடி பட்டியலிட்டு அனுப்பி, அவற்றைத் தேட சோனார் (ஒலியால் கடலடியைப் பார்க்கும் கருவி) வாடகைக்கு எடுக்கப் பங்கு கேட்டிருக்கிறீர்கள். காசு திரட்டுவதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை நம்பிக் கருவியை இறக்கினால் பாதி நாள் வெறும் மணலைத்தான் பார்ப்போம்.

இடத்தைக் குறிக்கும் ஆள்கூறுகளைச் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) சிலர் டிகிரி, நிமிடம், விநாடி என்று தந்திருக்கிறார்கள். சிலர் நிமிடத்தைத் தசமத்தில் எழுதியிருக்கிறார்கள். 12.30 நிமிடம் என்றால் 12 நிமிடம் 18 விநாடி. அட்சரேகையில் அதை 12 நிமிடம் 30 விநாடி என்று படித்தால் மூழ்கிய கப்பலின் இடம் 370 மீட்டர் தள்ளிப்போய்விடும். கொடுத்தவர் எழுதியது அப்படியே ஒரு கட்டத்தில் இருக்கட்டும், மாற்றியது அடுத்த கட்டத்தில்.

வலை சிக்கிய புள்ளிகளில் இன்னொரு கோளாறு. இழுவைமடி (படகு இழுத்துச் செல்லும் வலை) சிக்கி ஜிபிஎஸ்ஸில் குறிக்கும்போது தடை படகுக்குக் கீழே இல்லை. 20 மீட்டர் ஆழத்தில் 100 மீட்டர் வயர் விட்டிருந்தால் அது கிட்டத்தட்ட 98 மீட்டர் பின்னால் கிடக்கும். படகு போன திசையும் விட்ட வயரும் தெரியாத புள்ளிக்கு 200 மீட்டர் வட்டம் போடுங்கள்.

ஆழத்தோடு நேரமும் வேண்டும். படகின் ஆழம் காட்டும் கருவி மூழ்கிய கப்பலுக்கு மேல் 7.3 மீட்டர் காட்டுகிறது என்று வையுங்கள். அதன் முகம் நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே. அந்நேர ஓதம் (கடல் ஏற்றம்) வரைபட அடிமட்டத்துக்கு, அதாவது கடல் வரைபடம் ஆழத்தை எண்ணத் தொடங்கும் மட்டத்துக்கு, மேல் 0.9. அப்படியானால் எழுத வேண்டியது 6.9. அதுவும் கப்பலின் பாய்மரத் தண்டைத் தொட்ட அளவா, அதன் மேல்தளத்தைத் தொட்டதா என்று தெரியாது. பக்கவாட்டில் ஒலி அனுப்பும் பக்கச் சோனாரில், ஒலி படாமல் தடைக்குப் பின்னால் விழும் நிழலைப் பார்த்தால் தெரியும்: சோனார் தரைக்கு மேல் 10 மீட்டரில் போகிறது, நிழல் 15 மீட்டர், நிழலின் நுனி சோனாரிலிருந்து 75 மீட்டர் என்றால், 15 பெருக்கல் 10 வகுத்தல் 75, தடையின் உயரம் 2 மீட்டர்.

பட்டியலில் பெரியப்பா தந்த பதினொரு வரியை யாரைக் கேட்டு அழித்தீர்கள்? ஜிபிஎஸ் எண் இல்லை என்பதா காரணம்? அவர் குறித்தது கரை அடையாளத்தை வைத்து: கரையில் இரண்டு அடையாளம் ஒரே நேர்க்கோட்டில், வேறு பக்கம் இன்னொரு சோடி. கோடுகள் செங்குத்தாக வெட்டினால் அது நல்ல புள்ளி. 30 டிகிரிக்குக் குறைந்தால்தான் இழுபடும். ‘இடம் உத்தேசம்’ என்று போடுங்கள், அழிக்காதீர்கள். கடல் வரைபடத்திலேயே அப்படித்தான் குறிக்கிறார்கள்.

பட்டியல் நம்மோடே இருக்கட்டும் என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மீன் அடையும் ஆழமான பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்றால் சரி. கப்பல் வழியில் மேலெழும்பி நிற்பது அன்றைக்கே துறைமுகத்துக்குப் போக வேண்டும். 2002 டிசம்பர் 14 அன்று ஆங்கிலக் கால்வாயில் ட்ரைகலர் என்ற கப்பல் மூழ்கியது. எச்சரிக்கை விட்டும் இரண்டு நாளில் நிக்கோலா என்ற கப்பல் அதில் மோதியது, 2003 ஜனவரி 1 அன்று விக்கி என்ற கப்பலும் மோதியது. அதன் பிறகுதான் புதுச் சிதைவுக்கென்றே நீலமும் மஞ்சளும் நெடுக்குப்பட்டையாகப் பூசிய மிதவை வந்தது.

பதினொரு வரியையும், தந்தவர் பெயரோடு, திரும்பச் சேர்த்து அனுப்புங்கள். என் பங்கு அன்றைக்கே வரும்.