புதன்கிழமை மீன் உண்ணச் சொன்ன சட்டம்

கேள்வி: முதலாம் எலிசபெத் காலத்தில், இங்கிலாந்து கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகிய பிறகும், மக்கள் வெள்ளி, சனிக்கிழமைகளில் இறைச்சியைத் தவிர்த்து மீன் உண்ண வேண்டியிருந்தது என்று படித்தேன். நோன்புதான் காரணமா?

பதில் 1: வழக்கம் நோன்பிலிருந்து வந்ததுதான், சட்டத்தின் நோக்கம் வேறு. அரசியின் தலைமை ஆலோசகரான வில்லியம் செசிலின் முயற்சியால் 1563-இல் புதன்கிழமையும் மீன் நாளாக்கப்பட்டது. மீன்பிடித் தொழில் செழித்தால்தான் கடற்படைக்குக் கடலறிந்த ஆட்கள் கிடைப்பார்கள் என்பது அவர் கணக்கு. மீறியவருக்கு 3 பவுண்டு அபராதம் அல்லது 3 மாதச் சிறை. வேடிக்கை என்னவென்றால், இவ்விதி ஆன்ம ஈடேற்றத்துக்குத் தேவையானது என்று பேசுவோர் பொய்ச்செய்தி பரப்பியவர்களாகத் தண்டிக்கப்படுவர் என்றும் அதே சட்டம் எச்சரித்தது.

பதில் 2: அடுக்களையில் சமைப்பவர் படும் பாட்டையும் எண்ணிப் பாருங்கள். உலர்ந்த காட் மீன் விறகுக்கட்டை போல் இறுகிக் கிடக்கும்; அதைச் சுத்தியலால் அடித்து நெகிழ்த்தி, நீரில் ஊறவைத்த பிறகே சமைக்க முடியும். புதன்கிழமை விதி 1585-இல் நீக்கப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

பதில் 3: உடையிலும் இதே கதைதான், நண்பரே. தொப்பித் தொழிலாளரைக் காப்பதற்காக, பெருமக்கள் போன்ற சிலரைத் தவிர 6 வயதைக் கடந்த அனைவரும் ஞாயிறு மற்றும் விழா நாட்களில் உள்நாட்டுக் கம்பளித் தொப்பி அணிய வேண்டும் என 1571-இல் சட்டம் வந்தது. தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம்.