"தண்ணி திரும்பிடுச்சு": அலையில்லாத அட்லாண்டிக் கரையில் பிள்ளைகளோடு (அனுபவப் பகிர்வு)

காரைக்கால் பொண்ணு, நாந்த்

போன ஆகஸ்ட்ல நடந்தது. இன்னும் படுத்தா கண்ணு முன்னால வந்து நிக்குது, அதான் எழுதுறேன்.

பிரான்ஸோட அட்லாண்டிக் கரையில இருக்கிற நுவார்முத்தியே தீவு உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்க பிளாஜ் தே தாம்ங்கிற கடற்கரைல ரெண்டு நாள் இருந்தோம். வெள்ளை மர அறைங்க வரிசை, பின்னால பைன் காடு, நீட்டிக்கிட்டு நிக்கிற மரப்பாலம். தீவோட உள்பக்கமா பாத்த கரைங்கிறதால கடல் குளம் மாதிரி கிடக்கும். ஊர்லேர்ந்து அம்மா வந்திருந்தாங்க. காரைக்கால்ல எங்கள முழங்காலுக்கு மேல நனைய விடமாட்டாங்க, அலை காலுக்கடி மண்ண உருவிடும்னு. அவங்களே இங்க பேரப் பசங்கள இடுப்பளவுத் தண்ணில விட்டுட்டு நிம்மதியா உக்காந்திருந்தாங்க.

மூணாம் நாள் மட்டி பொறுக்க குவாவுக்குப் போனோம். கடல் வத்தும்போது வெளிய வர்ற சாலை, 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. வத்தம் 12:40-க்கு. முன்னால ஒன்றரை மணி, பின்னால ஒன்றரை மணி கடக்கலாம்னு பலகைல போட்டிருக்கும். அப்போ 2:10 வரைக்கும் நமக்கு நேரம்னு என் கணக்கு.

காரை ஓரமா விட்டுட்டு மணல்ல இறங்கி ரொம்ப தூரம் போயிட்டோம். சின்னவனுக்கு நாலு வயசு, வாளில மட்டி சேக்குறான். 1:40 இருக்கும். அம்மா ஒரு சின்ன வாய்க்கால் பக்கத்துல குந்திப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கல்லுல ஒட்டின பச்சைப் பாசி, தலைமயிர் மாதிரி, நாங்க வரும்போது நுனியெல்லாம் கடல் பக்கம் பாத்துப் படுத்திருந்துச்சு. இப்போ அதே நுனிங்க எங்க பக்கம் திரும்பியிருக்கு.

"தண்ணி திரும்பிடுச்சுடி. புள்ளைங்களத் தூக்கு."

"இன்னும் அரை மணி இருக்கும்மா"ன்னேன். வாதம் பண்ணினேன். மூணு நாலு நிமிஷம் பலகையப் பத்தி அவங்களுக்குப் பாடம் எடுத்தேன். அவங்க பதில் பேசல. சின்னவன இடுப்புல வச்சாங்க, வாளிய அப்படியே விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சாங்க.

போகும்போது கணுக்கால் நனைஞ்ச பள்ளம், வரும்போது எனக்கு முழங்காலுக்கு மேல. ஏழு வயசுப் பெரியவளுக்கு இடுப்பு. அலை இல்ல, நுரை இல்ல, ஒரு சத்தம் இல்ல. திரும்பிப் பாத்தா வாளி மிதந்துக்கிட்டு இருக்கு.

அப்புறம்தான் உறைச்சுது. அந்த ஒன்றரை மணி சாலைக்கு. சாலை மணல விட மேடு. நாங்க நின்னது சாலையில இல்ல.

யாழ் பனங்கட்டி, பாரிஸ்

நான் சொல்லுறதுக்குக் கோவிக்காதேங்கோ தங்கச்சி. குவா கடற்கரை இல்லை, கடலுக்கடி ரோட்டு. ஏறி நிக்கக் கூண்டு வைச்ச கம்பங்கள் நடுவில நடுவில நட்டிருக்கிறதே ஆக்கள் மாட்டுப்படுறதாலதான். வடக்கால ஒரு தண்ணியும் தெற்கால ஒரு தண்ணியும் வந்து சந்திக்கிற இடம் அது. 1971-ல பாலம் திறந்தாப் பிறகு தீவுக்குப் போக அந்த வழிதான் எண்டு ஒரு கட்டாயமும் இல்லை. அதை வைச்சு நுவார்முத்தியே கடற்கரையளுக்குக் கூடாத பேர் வேண்டிக் குடுக்காதேங்கோ. குடும்பங்களுக்கு அவ்வளவு நல்ல இடம்.

என்ர கதை லா போல், அதுவும் அட்லாண்டிக் கரை ஊர்தான். பெரியம்மா முல்லைத்தீவு. 2004 மார்கழி 26 கடல் வந்ததையும், வந்திட்டு உள்ளுக்கு இழுத்துக்கொண்டு போனதையும் கண்ணால கண்டவ. அதுக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போனதில்லை. 2019 ஆடியில இஞ்ச வந்தவவை, அலையில்லாத குடாக்கடல், பயமில்லை எண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு போனனாங்கள். பின்னேரம் ஆறு மணிக்குப் போய் இறங்கேக்க கடல் நிறைஞ்சு கிடந்தது. யன்னலால பாத்தவ, ஒண்டும் சொல்லேல்லை.

அடுத்த நாள் மத்தியானம் எழும்பி யன்னலைத் திறந்தா கடலைக் காணேல்லை. வெறும் ஈர மணல், தூரத்தில ஒரு வெள்ளிக் கோடு. பிள்ளையள் அந்த மணலுக்க விளையாடிக்கொண்டு நிக்கினம்.

வெறுங்காலோட ஓடிப்போய்க் கரையில நிண்டு பிள்ளையளின்ர பேர் சொல்லிக் கத்தினா பாருங்கோ. அந்தக் குரல் இன்னும் என்ர காதுக்க இருக்கு. சனம் கூடீட்டுது. ஒரு வயசான பிரெஞ்சு மனிசி என்ன விளங்கிச்சோ தெரியாது, பையுக்க இருந்து சின்ன ஓத அட்டவணைப் புத்தகத்தை (கடல் ஏறி வத்துற நேரம் போட்டது) எடுத்து அண்டைய நாளில விரலை வைச்சுக் காட்டினா. பெரியம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, இலக்கம் தெரியும். 18:40. அங்க கிடந்த வாங்கிலயே (பெஞ்சில) இருந்திட்டா. சாப்பாடும் அங்கதான். 18:40 மட்டும் தண்ணி வந்ததை ஒவ்வொரு முழமாப் பாத்தா. மூண்டாம் நாள்தான் மணலில கால் வைச்சா.

வத்துற கடலுக்குக் கூட்டிக்கொண்டு போறம் எண்டு முதலே ஒரு வசனம் சொல்லாம விட்டது எங்கட பிழை. உங்கட வீட்டிலயும் அப்பிடி ஆரும் இருந்தா முதலே சொல்லிப்போடுங்கோ.

தூத்துக்குடி உப்பளம், போர்தோ

எனக்கு நடந்தது சின்னதுதான். ஆர்காஷோன் குடாவுல ஆந்தேர்னோஸ். தண்ணி வத்துனா படகெல்லாம் சேத்துல சரிஞ்சு கிடக்கும். மகன் ஒரு படகைத் தொட்டுப் பார்க்கப் போய்க் கெண்டைக்கால் வரை இறங்கிட்டான். இழுத்தா செருப்பு உள்ளயே போச்சு. காலை மெதுவா ஆட்டி ஆட்டி, நான் வயிறு படியச் சேத்துல படுத்து இழுத்தேன். அவ்வளவுதான்.

ஆனா காரைக்கால் சகோதரி எழுதினதப் படிச்சதும் சிலது சொல்லாம இருக்க முடியல. நம்ம ஊர்க் கடல்ல ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் வித்தியாசம் 1 மீட்டரைத் தொட்டாலே பெரிசு. இங்க பெரிய ஓதத்துல 5 மீட்டர். அது ஆறு மணி நேரத்துல சமமா ஏறாது. பன்னிரண்டு பங்காப் பிரிச்சா, முதல் மணில ஒரு பங்கு, ரெண்டாவதுல ரெண்டு, மூணாவதுலயும் நாலாவதுலயும் மும்மூணு, அப்புறம் ரெண்டு, கடைசில ஒண்ணு. அதாவது முதல் மணில 40 சென்டிமீட்டர்தான், மூணாவது மணில ஒன்றேகால் மீட்டர். சகோதரி திரும்பினது முதல் மணி முடிஞ்ச நேரம். 2:10 வரைக்கும் மணல்ல நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைக்கவே முடியல. நூறு அடி நடந்தா ஒரு அடி இறங்குற தட்டையான மணல்ல ஒன்றேகால் மீட்டர் ஏறினா, கரை 125 மீட்டர் பின்னால போகும்.

அடுத்தது, பிரெஞ்சு ஓத அட்டவணைல நேரத்துக்குப் பக்கத்துல ஒரு எண் இருக்கும், 20-லேர்ந்து 120 வரை. நம்ம ஆளுங்க நேரத்தை மட்டும் பார்த்துட்டு வந்துடுறாங்க. எண் 45 பக்கம்னா கடல் ரொம்ப ஒதுங்காது, 95-ஐத் தாண்டினா தூரம் போகும், அதே வேகத்துல திரும்பும். காலண்டர் கையில இருந்தா அமாவாசை, பௌர்ணமி பாருங்க. அது கழிஞ்சு ஒண்ணரை நாள், ரெண்டு நாள்லதான் ஓதம் உச்சம். அந்த நாட்கள்ல இந்தக் கரையில வத்தம் சரியா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வரும், வெயிலும் நல்லா இருக்கும், கூட்டமா இறங்குவோம். நேரமும் நாளுக்குச் சுமார் 50 நிமிஷம் தள்ளும், நேத்து பார்த்த நேரம் இன்னைக்கு ஆகாது.

வத்தின மணல்ல வெறுங்காலோட பிள்ளைகளை விடாதீங்க. விவ்-னு ஒரு சின்ன மீன் மணலுக்குள்ள புதைஞ்சிருக்கும், முதுகு முள்ளுல விஷம், கெளுத்தி முள் குத்தினதை விட மோசமா வலிக்கும். தோல் வேகாத அளவுக்குத் தாங்கக்கூடிய சுடுதண்ணில காலை வைக்கணும், சூட்டுக்கு அந்த விஷம் முறியும். கடல்ல ஆபத்துன்னா பிரான்ஸ்ல 196-க்கு ஃபோன் பண்ணுங்க. ஃபோனைக் கார்ல வைக்காதீங்க.

ஸ்கார்பரோ அம்மா, டொரண்டோ

எங்களுக்கும் இதேதான். நியூ பிரன்சுவிக், செயின்ட் ஆண்ட்ரூஸ். மினிஸ்டர்ஸ் தீவுக்குக் கடலடித் தரையில கார் ஓட்டிப் போகலாம், தண்ணி வத்தினா. போய்ப் பழைய வீடு, மாட்டுக் கொட்டில் எல்லாம் பாத்தம். திரும்பி வரேக்க எனக்கு முன்னால போன கார் சரளைக் கல்லில நிண்டுட்டுது. ரெண்டு பக்கமும் தண்ணி நக்கிக்கொண்டு வருது. அந்தக் கார் திரும்ப இழுபட்டது ஒரு நிமிசத்திலதான், ஆனா அந்த ஒரு நிமிசம் என்ர கை ஸ்டியரிங்கில ஒட்டினது ஒட்டினபடி. பின் சீட்டில மகள் "அம்மா, றோட்டில நண்டு போகுது" எண்டு சொல்லிச் சந்தோசப்படுறாள்.

கொடியம்பாளையம், போ (Pau)

தூத்துக்குடி அண்ணன் சொன்ன கணக்கு சரி, ஆனா எனக்கு உடன்பாடில்ல. பன்னிரண்டு பங்கு ஆழத்தைச் சொல்லும், பள்ளத்தைச் சொல்லாது. ஆளுங்க மாட்டிக்கிறது முன்னால வர்ற தண்ணில இல்ல, முதுகுக்குப் பின்னால நிறையிற வாய்க்கால்ல. காரைக்கால் சகோதரியோட அம்மா கண்ணால பார்த்தது எந்த அட்டவணையிலயும் இருக்காது. எங்க தாத்தா சிதம்பரம் பக்கம் கழிமுகத்துல வலை போட்டவர். நண்டு வளை வாய்ல தண்ணி ஊறுறத வச்சே ஏத்தம் ஆரம்பிச்சதுன்னு சொல்லுவார். அட்டவணை பாருங்க, வேணாம்னு சொல்லல. ஆனா பாத்துட்டு அதை நம்பி முதுகைக் காட்டி உக்காராதீங்க.

இன்னொண்ணு. "அட்லாண்டிக் கரை குழந்தைகளுக்கு நல்லது"ன்னு இங்க பொதுவா எழுதுறது எனக்குப் பதறுது. ஆர்காஷோன் குடாவுக்குள்ள இருக்கிற கரை வேற, அங்கேர்ந்து கார்ல கொஞ்ச தூரத்துல இருக்கிற லக்கானோ வேற. அது திறந்த சமுத்திரம். கரைக்கும் மணல் திட்டுக்கும் நடுவுல குட்டை மாதிரி அமைதியா ஒரு பள்ளம் கிடக்கும், பிரெஞ்சுல 'பாயீன்' (baïne)னு சொல்லுவாங்க. பிள்ளைங்க குளிக்கச் செஞ்சு வச்ச மாதிரியே இருக்கும். தண்ணி ஏறும்போது அதோட வாய் வழியா ஆளைக் கடலுக்கு இழுத்துட்டுப் போகும். என் அண்ணன் மக அதுல போனா. பதிமூணு வயசு, நல்லா நீந்துவா. கரையை நோக்கி நீந்தி நீந்தி, இருந்த இடத்துலயே நின்னா. கடற்கரைக் காவலர் மிதவைப் பலகையோட போய்த்தான் கொண்டுவந்தார். கொடி நட்ட எல்லைக்கு வெளிய இறங்கியிருந்தோம், வெறும் 50 அடிதான் வெளிய. அமைதியான தண்ணின்னா அது எதனால அமைதியா இருக்குன்னு கேட்டுட்டு இறங்குங்க.

காரைக்கால் பொண்ணு, நாந்த்

யாழ் அண்ணா, கோவமே இல்ல. பிளாஜ் தே தாமுக்கு இந்த வருஷமும் போறோம், அறை எடுத்தாச்சு. உங்க பெரியம்மா 18:40 வரைக்கும் உக்காந்திருந்தத படிச்சிட்டு அம்மாவுக்குப் ஃபோன் போட்டு முழுசா வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பாசியப் பத்தி எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன், இத்தனை நாள் கேக்கவே இல்ல நான். அரசலாறு கடல்ல சேர்ற இடத்துல சின்ன வயசுல மட்டி பொறுக்கப் போவாங்களாம், அவங்க ஆத்தா முதல்ல பாக்கச் சொல்றது பாசியத்தானாம்.

சின்னவன் இன்னும் அந்த மஞ்ச வாளியக் கேக்குறான்.