தடி உல்லனில் முதல் கார்டிகன்: எனக்கு நடந்தது இது, உங்களுக்கு?

குல்லாவும் மஃப்ளருமாகவே பின்னிக்கொண்டிருந்த நான் போன வருடம் கார்டிகனில், அதாவது முன்பக்கம் திறந்து பட்டன் போடும் ஸ்வெட்டரில், இறங்கினேன். தடி உல்லன், 8 மி.மீ. ஊசி, 'புதிதாகப் பழகுபவர்களுக்கு' என்று போட்டிருந்த பேட்டர்ன். முதுகுப் பக்கம் நாலே ராத்திரியில் முடிந்துவிட்டது. அப்போது எனக்கிருந்த தெனாவட்டைச் சொல்லி மாளாது.

மாதிரித் துண்டு பின்னிப் பார்க்கவில்லை. 10 செ.மீ.க்கு 12 கண்ணி (நூல் வளையம்) வர வேண்டும். எனக்கு வந்ததோ பத்தரை. ஒன்றரைக் கண்ணிதானே என்று விட்டால், 60 கண்ணி போட்ட முதுகு 50 செ.மீ.க்குப் பதில் 57 செ.மீ. வந்து நிற்கிறது. முன்பக்கமும் அப்படியே வந்தால் சுற்றளவில் 14 செ.மீ. கூடுதல். துவைத்தால் சுருங்கிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். நான் வாங்கியது சூப்பர்வாஷ் நூல். சுருங்காமல் இருப்பதற்கென்றே பதப்படுத்தியது. நனைத்ததும் இன்னும் நீண்டு தொங்கியது.

இதோடு விட்டதா? முன்பக்கம் இரண்டும் இடப்பக்கத்துக்கே பின்னியிருக்கிறேன். கழுத்துக்குக் கண்ணி குறைக்கும்போது திசையை மாற்ற வேண்டும் என்பது தோன்றவே இல்லை. திருப்பிப் போட்டால் பர்ல் பக்கம், அதாவது மேடுமேடாகத் தெரியும் உள்பக்கம், வெளியே வருகிறது.

எல்லாவற்றையும் பிரித்தேன். நூல் டெலிபோன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக வந்தது. நனைத்துத் தொங்கவிட்டால் நேராகிவிடும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

பதில் 1:
எனக்கும் இதே இரண்டு இடப்பக்கக் கதைதான்! நான் பின்னியது கார்ட்டர், எல்லா வரிசையும் நிட் (சாதாரண நேர்ப் பின்னல்). இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒன்றைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிட்டேன். இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் தைத்ததில் மாட்டிக்கொண்டேன். அதே தடி நூலால் இணைத்ததால் அக்குளில் கயிறு வைத்த மாதிரி உறுத்தியது. அதே நிறத்தில் மெல்லிய நூலை எடுத்திருக்க வேண்டும்.

பதில் 2:
மனைவிக்காகப் பின்ன ஆரம்பித்தவன் நான். பட்டன் பட்டையில்தான் சறுக்கினேன். ஓரத்தில் வரிசைக்கு ஒன்று என்று கண்ணி எடுத்தேன், பாவாடை ஃப்ரில் மாதிரி அலை அலையாக வந்தது. ஸ்டாக்கிங் ஸ்டிச்சில் (ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல்) 4 வரிசைக்கு 3 கண்ணி எடுத்தால் பெரும்பாலும் தட்டையாக நிற்கிறது. இன்னொன்று, நீள ஊசியில் பின்னாதீர்கள். முழு எடையும் மணிக்கட்டில்தான் விழும். வட்ட ஊசி (இரண்டு ஊசியை வளையும் ஒயர் இணைத்திருக்கும்) என்றால் துணி மடியில் கிடக்கும். அப்புறம், ஈரத்தோடு ஹேங்கரில் மாட்டவே கூடாது. என் முதல் கார்டிகனின் கை முழங்காலைத் தொடுகிறது.

பதில் 3 (முதலில் எழுதியவள்தான்):
முழங்காலா! சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். இந்த முறை 7 மி.மீ. ஊசியில் மாதிரித் துண்டு பின்னி, துவைத்து, காயவைத்த பிறகே அளந்தேன். சரியாக 12. நேற்று வலப்பக்கமும் முடிந்தது. கட்டிலில் இரண்டையும் அருகருகே போட்டுப் பார்த்தேன். கழுத்து வளைவு ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கிறது. கை இரண்டும்தான் பாக்கி. அதற்கு இடம் வலம் கிடையாது என்பதில் ஒரு நிம்மதி.