ஃபிரெட் அஸ்டேரின் நடனத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

மதிவாணன்:
1935இல் வெளியான 'டாப் ஹாட்' படத்தை அண்மையில்தான் முதன்முறையாகப் பார்த்தேன். ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் நளினமாக ஆடுகிறார்கள் என்பது வரை புரிகிறது. ஆனால் கேமரா பெரும்பாலும் விலகியே நிற்பதால், நொடிக்கொரு ஷாட் மாறும் இன்றைய பாடல் காட்சிகளுக்குப் பழகிய என் கண்ணுக்கு அது சற்று மந்தமாகவே தோன்றியது. இத்தகைய ஹாலிவுட் படங்களின் நடனத்தை ரசிக்க எதைக் கவனிக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

செல்வநாயகி:
உங்களுக்கு மந்தமாகத் தெரிந்ததைத்தான் அஸ்டேர் பிடிவாதமாகக் கேட்டுப் பெற்றார். தலை முதல் பாதம் வரை முழு உடலும் சட்டகத்துக்குள் தெரிய வேண்டும், இயன்றவரை வெட்டே இல்லாமல் நடனம் ஓட வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அப்படி எடுக்கும்போது கடைசி அடி பிசகினாலும் தொடக்கத்திலிருந்து ஆடியாக வேண்டும். 'ஸ்விங் டைம்' (1936) படத்தின் பிற்பகுதியில் வரும் நடனத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட டேக்குகள் ஆகி, ரோஜர்ஸின் பாதங்களில் இரத்தம் கசிந்தது.

பாதங்களை மட்டும் பார்க்காதீர்கள். தோளும் மணிக்கட்டும் தாளத்துக்கு என்ன பதில் சொல்கின்றன என்று பாருங்கள். 'தி பேண்ட் வேகன்' (1953) படத்தில் அஸ்டேரும் சிட் சாரிஸும் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பேச்சில்லாமல் நடந்து வருவார்கள். அந்த நடை எந்தக் கணத்தில் நடனமாகிறது என்று கண்டுபிடிக்க முயலுங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் வேறொரு கணம் அகப்படுகிறது.

அருள்மொழி:
அஸ்டேரோடு நிறுத்திவிட வேண்டாம். 'ஸ்டார்மி வெதர்' (1943) படத்தில் ஃபேயார்ட், ஹெரால்ட் என்னும் நிக்கோலஸ் சகோதரர்கள் பெரிய படிக்கட்டில் ஒருவர் தலைக்கு மேல் மற்றவர் தாவிக் கீழ்ப்படியில் கால்களை முழுக்க விரித்தபடி இறங்கி, கையை ஊன்றாமலே எழுவதைக் கட்டாயம் பாருங்கள். கறுப்பினக் கலைஞர்களின் நடனங்களைக் கதையோடு ஒட்டாமல் வைத்து, அமெரிக்கத் தென்மாநிலத் திரையரங்குகளில் அவற்றை நீக்கிவிட்டுத் திரையிடும் வழக்கம் அக்காலத்தில் இருந்ததால், இந்த அளவு திறமை இருந்தும் அவர்களுக்கு நாயக வேடங்கள் வாய்க்கவில்லை.

உச்சியிலிருந்து கேமராவை வைத்து நடனப் பெண்களைப் பூக்கோலமாக மாற்றிய பஸ்பி பெர்க்லியின் படங்கள் வேறு வகை. அவற்றில் ஆடுவது கேமராதான் என்பது என் கருத்து. செல்வநாயகி அவர்கள் மறுக்கக்கூடும்.

மதிவாணன்:
இருவருக்கும் நன்றி. பூங்காக் காட்சியைப் பார்த்தேன். சாரிஸ் மெல்ல ஒரு சுழற்சி எடுத்ததும் அஸ்டேர் பதிலுக்குச் சுழலும் இடத்தில்தான் எனக்கு நடனம் தொடங்கியது. ஒரு ஐயம்: காலணியால் தரையைத் தட்டி ஆடும் தட்டு நடனத்தில் (டேப் டான்ஸ்) கேட்கும் காலடி ஓசை, படப்பிடிப்பின்போதே பதிவானதுதானா?

செல்வநாயகி:
பெரும்பாலும் இல்லை. படப்பிடிப்பு முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்தில் திரையைப் பார்த்துக்கொண்டே மீண்டும் ஆடி, அந்த ஓசையைச் சேர்ப்பார்கள். அஸ்டேர் தமக்குரியதைத் தாமே ஆடிப் பதிவு செய்தார். ரோஜர்ஸின் காலடியாக நாம் கேட்பது பல படங்களில் நடன அமைப்பாளர் ஹெர்மிஸ் பானுடைய காலடியே.