திமிங்கலம், டால்பின்களை நேரில் கண்டவர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நெய்தல்:

வணக்கம் நண்பர்களே. திமிங்கலம், டால்பின் பாதுகாப்பு என்று பேச்செடுத்தாலே சட்டம், எண்ணிக்கை என்று போய்விடுகிறோம். அவற்றோடு பழகியவர்கள், ஒரு தடவையாவது பக்கத்தில் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். தொட்டியில் பார்த்தாலும் சரி, கடலில் பார்த்தாலும் சரி, கரை ஒதுங்கிப் பார்த்தாலும் சரி, எதை மறக்க முடியவில்லை என்று எழுதுங்கள். எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது, அதை அப்புறம் கேட்கிறேன்.

முன்னாள் ஊழியர்:

ஒரு டால்பின் காட்சியகத்தில் சில வருடம் வேலை பார்த்தேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. மேடையில் விசில் ஊதுகிற வேலை இல்லை, பின்பக்கத்து மீன் அறை. உறைந்த மீன் பெட்டிகளை முந்தின நாளே வெளியே எடுத்து இளக வைத்திருப்பார்கள். காலையில் மீனை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்து, வயிறு கிழிந்தது, கண் மங்கியது எல்லாம் ஒதுக்கிவிட்டு, எந்த டால்பினுக்கு எத்தனை கிலோ என்று தனித்தனி வாளியில் எடை போட வேண்டும். வைட்டமின் மாத்திரையை மீனின் செவுளுக்குள் செருகுவோம். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து சாப்பிடும் டால்பினின் வாளிக்குத் தனி அடையாளம்.

வாளியில் மீனோடு ஜெலட்டின் கட்டிகளும் போகும். சேர்ந்த புதிதில் இது எனக்குப் புரியவில்லை. டால்பின் நம்மைப் போலத் தண்ணீர் குடிப்பதில்லை. உடம்புக்கு வேண்டிய நீரைத் தான் தின்னும் மீனிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. உறைய வைத்து இளக்கிய மீனில் அந்த ஈரம் குறைந்துபோகிறது. அதனால் ஜெலட்டினைத் தண்ணீரில் கரைத்து, கட்டியாக இறுகவிட்டு, வெட்டிக் கொடுப்போம். சுற்றிலும் தண்ணீரில் மிதக்கிற உயிருக்கு நாங்கள் தண்ணீரைத் துண்டு போட்டு ஊட்டிக்கொண்டிருந்தோம்.

காட்சி நேரத்தில் கூட்டத்துக்கு அது குதிப்பதுதான் தெரியும். காட்சி முடிந்து ஆட்கள் கலைந்தபிறகு நீர்மட்டத்தில் அசையாமல் கிடக்கும். இல்லாவிட்டால் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வரும். கடலில் ஒரு டால்பின் இருட்டிலும் கலங்கலிலும் கிளிக் கிளிக்கென்று ஒலி அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியை வைத்தே மீனைக் கண்டுபிடிக்கிறது. தொட்டியில் தேடிப் பிடிக்க என்ன இருக்கிறது? நான்கு சுவர். அவற்றை அது முதல் நாளே தெரிந்துகொண்டிருக்கும்.

“எப்படிச் சிரிக்குது பாருங்க” என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். அது தாடையின் அமைப்பு, அவ்வளவுதான். நான் இருந்தபோது ஒன்று இறந்தது. பட்டையில் கட்டித் தொட்டியிலிருந்து தூக்கும்போது அதன் முகத்திலும் அதே சிரிப்பு இருந்தது. அந்த வாரமே வேலையை விட்டேன்.

கடலோடி:

நான் சரக்குக் கப்பலில் அதிகாரி. முன்னவர் எழுதியதைப் படித்தபிறகு நம் பக்கத்துக் கதையையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவுக்குள் போகும்போது, 13 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கப்பல்கள் குறிப்பிட்ட பகுதிகளில் 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்துக்கு மேல் போகக் கூடாது. 2017 கோடையில் அந்த வளைகுடாவில் மட்டும் 12 வட அட்லாண்டிக் ரைட் திமிங்கலங்கள் செத்து மிதந்த பிறகு வந்த கட்டுப்பாடு இது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் 2008 முதலே இதேபோன்ற பருவகால விதி இருக்கிறது. இந்த இனத்தில் இப்போது மிச்சம் இருப்பவை 400-க்கும் குறைவு.

பார்க்கக் கஷ்டமான திமிங்கலம் இது. முதுகில் துடுப்பு கிடையாது. கறுப்பு உடம்பு, அலையோடு அலையாக மட்டமாகக் கிடக்கும். ஒரு காலை வேளை, மூடுபனி விலகிக்கொண்டிருந்தது. கப்பலைச் செலுத்தும் மேல்தளத்தின் இடது ஓரத்தில் நின்றிருந்த மாலுமி கையை நீட்டினார். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் நீர்மட்டத்திலிருந்து மூச்சு எழுந்தது, இரண்டு கிளையாகப் பிரிந்து, ‘வி’ எழுத்து மாதிரி. மற்ற பெரிய திமிங்கலங்களிடமிருந்து இதைப் பிரித்துச் சொல்ல அது ஒன்று போதும். பக்கத்திலேயே சின்னதாக இன்னொரு மூச்சு. தாயும் குட்டியும்.

எங்கள் வேகம் 10 நாட் அளவுக்குக் கீழே இருந்ததால் திருப்ப அவகாசம் கிடைத்தது. முழு வேகத்தில் வந்திருந்தால் பார்த்தபிறகு செய்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. பெரிய கப்பல் ஒரு திமிங்கலத்தின் மேல் ஏறினால் மேலே நிற்கும் எங்களுக்கு அதிர்வுகூடத் தெரியாது. துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபிறகு முகப்பில் சிக்கிக் கிடந்த உடலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்ட கப்பல்கள் இருக்கின்றன.

வேகத்தைக் குறைத்தால் தாமதமாகும், ஏன் தாமதம் என்று கேட்டுக் கரையிலிருந்து மெயில் வரும். வரட்டும். என்னைக் கேட்டால் திமிங்கலத்தைக் காப்பாற்ற இதைவிடச் சுலபமான வழி வேறு எதுவும் இல்லை: எஞ்சினைக் குறை, கண்ணைத் திறந்து வை.

ஒரு தாய்:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள், கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். என் மகள் சின்ன வயதில் ஒரு டால்பின் காட்சியைப் பார்த்துவிட்டு வந்துதான் கடல் பற்றிய புத்தகங்களைத் தேடித் தேடிப் படித்தாள். இன்றைக்குக் கடல் உயிரியல் படிக்கிறாள். கண்ணால் பார்க்காத உயிர் மேல் குழந்தைக்கு எப்படி அக்கறை வரும்? எல்லோராலும் படகு ஏறிக் கடலுக்குப் போக முடியுமா? அழிந்துகொண்டிருக்கிற இனங்களைப் பிடித்து வந்து பத்திரமாக வைத்து வளர்த்தால் என்ன?

வளைகுடா மாணவி:

அம்மா, உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும். மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் வாக்கீட்டா கணக்கெடுக்கும் கப்பலில் உதவியாளராக இருந்திருக்கிறேன். வாக்கீட்டா என்பது ஒன்றரை மீட்டர்கூட வளராத கடற்பன்றி, டால்பினுக்கு உறவான இனம், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம். உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேல்தளத்தில் பெரிய தொலைநோக்கிகள் வைத்திருப்பார்கள். முறை வைத்து மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருப்போம். அது துள்ளாது, படகு பக்கம் வராது, ஒரு நொடி முதுகைக் காட்டிவிட்டு இறங்கிவிடும். நான் பார்த்தது அந்த ஒரு நொடி முதுகு மட்டும்தான். அதற்குப் பிறகு எத்தனையோ நேரம் வெறும் தண்ணீர். கடலுக்கடியில் வைத்த ஒலிப்பதிவுக் கருவிகளில் விழும் கிளிக் ஒலிகளை வைத்தே, அவை இன்னும் இருக்கின்றன என்று உறுதி செய்துகொள்கிறார்கள்.

1997-இல் சுமார் 567 இருந்தன. இப்போது பத்துக்குப் பக்கம். இதை யாரும் வேட்டையாடவில்லை. டொடோவாபா என்ற பெரிய மீனின் காற்றுப்பைக்குச் சீனக் கள்ளச்சந்தையில் நல்ல விலை. அதைப் பிடிக்கக் கட்டும் செவுள் வலையில் வாக்கீட்டாவும் சிக்கி, மேலே வந்து மூச்சு எடுக்க முடியாமல் செத்துப்போகிறது.

நீங்கள் சொன்னதை 2017-இல் உண்மையாகவே செய்து பார்த்தார்கள். உலகின் தேர்ந்த மருத்துவர்கள், பயிற்சியாளர்கள் எல்லோரும் சேர்ந்து, பிடித்துக் கடல் கூண்டில் வைத்துக் காப்பாற்றலாம் என்று முயன்றார்கள். முதலில் பிடிபட்ட இளசு மிரண்டுபோனதால் திருப்பி விட்டுவிட்டார்கள். அடுத்துப் பிடிபட்ட வளர்ந்த பெண் வாக்கீட்டா, சில மணி நேரத்தில் இறந்துவிட்டது. திட்டத்தை அதோடு நிறுத்தினார்கள்.

சீனாவின் யாங்சி ஆற்றில் இருந்த பைஜி டால்பின் கதையும் உங்களுக்குத் தெரிய வேண்டும். தூண்டில் முள்ளால் காயம்பட்ட ஒன்றை 1980-இல் வூஹானுக்குக் கொண்டுவந்து ‘சீச்சீ’ என்று பெயரிட்டு வளர்த்தார்கள். அருமையாகத்தான் பார்த்துக்கொண்டார்கள், 2002 வரை இருந்தது. வெளியே ஆற்றில் வலையும் தூண்டிலும் கப்பலும் அப்படியே தொடர்ந்தன. 2006-இல் ஆறு நெடுகத் தேடியபோது ஒரு பைஜிகூடக் கண்ணில் படவில்லை. தொட்டிக்குள் ஒன்றைக் காப்பாற்றி என்ன பயன்? வலையை எடுக்காமல் வாக்கீட்டாவுக்கும் வழி இல்லை. நல்ல செய்தி ஒன்று உண்டு: 2022-இல் வந்த மரபணு ஆய்வு, செவுள் வலை மட்டும் நின்றால் மிச்சமிருப்பவையே இனத்தை மீட்டெடுக்க வாய்ப்பு இருக்கிறது என்கிறது. அண்மைக் கணக்கெடுப்புகளில் குட்டிகளும் தெரிந்தன.

கரைத்தொண்டர்:

நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் கரையில், 2017 பிப்ரவரியில் 400-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கலங்கள் ஒரே இரவில் ஒதுங்கியபோது போன தொண்டர்களில் நானும் ஒருவன். நாங்கள் போகும்போதே முக்கால்வாசி இறந்துவிட்டன. மிச்சத்துக்கு ஈரத்துணி போர்த்தி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடுத்த ஓதத்துக்குக் காத்திருந்தோம். கரையில் அவற்றின் எடையே நுரையீரலை அழுத்தும், உடம்பு உள்ளுக்குள் சூடேறிக்கொண்டே போகும்.

தண்ணீர் ஏறியதும் நேராக ஆழத்துக்குத் தள்ளிவிட முடியாது. நெடுநேரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்ததால் அதற்குச் சமநிலை போயிருக்கும். இரண்டு பக்கமும் நின்று தாங்கிப் பிடித்து, தானாக நிமிரும்வரை காத்திருக்க வேண்டும். என் கைக்குக் கீழே அது மூச்சு விடும்போது உடம்பு முழுக்க அதிர்வது தெரிந்தது. விட்டவற்றில் சில, கரையில் கிடந்த தன் கூட்டத்தை நோக்கித் திரும்பி வந்தன. அதனால்தான் கைகோத்து வரிசையாகத் தண்ணீரில் நின்று மறித்தோம்.

யாராவது எங்காவது இப்படி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால்: முதலில் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லுங்கள். வாலைப் பிடித்து இழுக்கவே இழுக்காதீர்கள், முதுகெலும்பு போய்விடும். தலைக்கு மேலே இருக்கும் மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. துடுப்புக்குக் கீழே மணலைத் தோண்டிவிட்டால் அதற்குக் கொஞ்சம் ஆறுதல். கூட்டம் கூடிச் செல்ஃபி எடுப்பதைத் தடுத்தாலே பாதி உதவி.

முன்னாள் ஊழியர்:

அம்மா, உங்கள் மகளின் ஆர்வத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கூட்டத்தில் இருந்த பல பிள்ளைகளின் கண்ணில் அந்த ஆர்வத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்கள் பார்த்தது டால்பின் கூட்டத்தை அல்ல. பசியை வைத்துப் பழக்கிய ஒரு விலங்கை.

அதே சமயம், “எல்லாவற்றையும் நாளைக்கே கடலில் திறந்துவிடு” என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ஐஸ்லாந்துக் கடலில் 1979-இல் பிடிபட்ட கெய்கோ என்ற ஓர்கா (கொலைத் திமிங்கலம்), பல வருடத் தயாரிப்புக்குப் பிறகு 2002-இல் நார்வே வரைக்கும் தானாக நீந்திப் போனது. ஆனாலும் காட்டு ஓர்காக் கூட்டத்தோடு கடைசிவரை சேரவில்லை. மனிதர்களைத் தேடி வந்தது. 2003-இல் இறந்துபோனது. சிறு வயதிலேயே பிடித்து, மீன் பிடிக்கவும் மறக்க வைத்துவிட்டு, “போ, பிழைத்துக்கொள்” என்பது இன்னொரு கொடுமை.

டோகிடாய் என்ற இன்னொரு ஓர்கா விஷயத்தில் இன்னும் வேதனை. 1970 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென் கோவ் என்ற கடற்குடாவில் குட்டியாகப் பிடிபட்டவள், மயாமியில் ஒரு சின்னத் தொட்டியில் ஐம்பது வருடத்துக்கு மேல் இருந்தாள். சொந்தக் கடலுக்குக் கொண்டுபோகப் போகிறோம் என்று 2023 மார்ச்சில் அறிவித்தார்கள், ஆகஸ்டில் இறந்துவிட்டாள். அவள் பிறந்த கூட்டம் இன்றும் அதே கடலில்தான் திரிகிறது. அந்தக் காலத்தில் அங்கிருந்து பிடித்துப்போன குட்டிகளின் இழப்பிலிருந்து அந்தக் கடலின் ஓர்காக்கள் இன்னும் மீளவில்லை, இப்போது எண்பதுகூட இல்லை. காட்சிக்காகப் பிடிப்பது வேறு, இனம் அழிவது வேறு என்று இனியும் யாராவது சொன்னால் இதைத்தான் காட்டுவேன்.

அப்படியானால் என்னதான் வழி? பிடிப்பதையும், தொட்டியில் குட்டி போட வைப்பதையும் நிறுத்த வேண்டும். இந்தியா 2013-இல் டால்பின் காட்சியகங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டது. கனடா 2019-இல் சட்டம் போட்டது, பிரான்ஸ் 2021-இல். ஏற்கெனவே உள்ளே இருப்பவற்றுக்குக் கடலோரத்தில் வலையடைத்த குடா வேண்டும், கூடவே வாழ்நாள் மருத்துவமும் தீவனமும். ஷாங்காயில் காட்சி காட்டிய இரண்டு பெலுகாக்களை, அதாவது வெள்ளைத் திமிங்கலங்களை, குடா ஒன்றில் விடுவதற்காக 2019-இல் ஐஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். பழக்குவது எதிர்பார்த்ததைவிட மிக மெதுவாகத்தான் நடந்தது. ஆனாலும் அந்தப் பொறுமையும் செலவும் நாம் அவற்றுக்குப் பட்ட கடன் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு தாய்:

வாக்கீட்டா பற்றி இப்போதுதான் முதல்முறை கேள்விப்படுகிறேன். மகளுக்கு இந்தப் பக்கத்தை அனுப்பியிருக்கிறேன். குழந்தைகள் எங்கே போய்ப் பார்ப்பது என்ற என் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

நெய்தல்:

நான் கேட்க வந்ததும் அதுதான் அக்கா. கடலில் போய்ப் பார்க்கலாம் என்றால், ஒரு டால்பின் கூட்டத்தைப் பத்துப் படகுகள் வளைத்துத் துரத்துவதைப் பார்த்து மனசே விட்டுப்போய்த் திரும்பி வந்தேன். நல்ல படகு எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

படகு வழிகாட்டி:

பணம் கட்டும் முன்பே கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் நிறுத்துவீர்கள்? திமிங்கலத்திலிருந்து 100 மீட்டர் என்று பல நாடுகளில் விதி, குட்டி கூட இருந்தால் இன்னும் தள்ளி. ஏற்கெனவே வேறு படகுகள் நின்றால் என்ன செய்வீர்கள்? முறைக்குக் காத்திருப்போம் என்று சொல்ல வேண்டும். எப்படி அணுகுவீர்கள்? முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் போகாமல், பக்கவாட்டில், அது போகிற வேகத்திலேயே கூடப் போக வேண்டும். சட்டென்று திசை மாறினாலோ, தாய் குட்டியை மறைத்துக்கொண்டு நின்றாலோ விலகிவிட வேண்டும். கடலுக்கே போக வேண்டும் என்றும் இல்லை. சில இடங்களில் கரையோர மேட்டில் நின்றே பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அதுவே போதும். அவற்றுக்கும் தொந்தரவில்லை.

“கட்டாயம் தொட்டுப் பார்க்க வைப்போம்” என்று எவராவது உறுதி கொடுத்தால், அந்தப் படகில் ஏறாதீர்கள்.