ஆயில் மாற்றிய பிறகு காலையில் மட்டும் 'டக் டக்' சத்தம், உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2015 மாடல் பெட்ரோல் கார், 82,000 கி.மீ. ஓடியது. போன சனிக்கிழமை ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றினேன். மறுநாள் காலை ஸ்டார்ட் பண்ணியதும் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இன்ஜின் மேல்பக்கம் 'டக் டக் டக்'. ஐந்தாறு விநாடியில் அடங்கிவிடுகிறது. ஆயில் லைட்டும் அப்போதுதான் அணைகிறது. முன்பெல்லாம் உடனே அணையும். சூடான பிறகு சத்தமே இல்லை.

டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு சரியாக இருக்கிறது. ராத்திரியில் ஆயில் கீழே வடியாமல் தடுக்கிற ரப்பர் வால்வு ஃபில்டருக்குள் இருக்குமே, அதில்தான் எனக்குச் சந்தேகம். ஊற்றியது 5டபிள்யூ-30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்கிற கிரேடு) தானா என்றும் தெரியவில்லை, பில்லில் வெறும் 'ஆயில்' என்றுதான் போட்டிருக்கிறார்கள். மெக்கானிக் "ஓட ஓடச் சரியாகிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அடுத்த வாரம் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போகணும். ஃபில்டரை மட்டும் மாற்றினால் போதுமா, ஆயிலையும் சேர்த்தே மாற்றணுமா? இதே மாதிரி வந்து சரிபண்ணியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.